உரைப்பெட்டி சொன்ன அளவில் நிற்க மறுத்தால்: ஜாவா ஸ்விங் படிவங்களுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கம்

சென்னை சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் ஜன்னல், பெட்டி, பொத்தான் உருவாக்கும் நூலகமான ஸ்விங்கில் எழுதிய படிவம்: வாடிக்கையாளர் பெயர், முகவரி, பகுதி, பின்கோடு, கைபேசி, ஜிஎஸ்டி எண். நிரல் எழுதிய ஓஎம்ஆர் அலுவலகத்தின் 1920×1080 திரையில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. கடையின் 1366×768 திரையில் திறந்தால் பின்கோடு பெட்டி வெறும் கோடாக நிற்கிறது. அல்லது முகவரிப் பெட்டி அரைத் திரைக்கு வளர்ந்து நிற்கிறது. பார்த்ததும் கை போவது விருப்ப அளவை வைக்கும் செட்பிரிஃபர்ட்சைஸ் பக்கம். அதைத் தொடுவதற்கு முன், அந்தப் பெட்டியின் அளவை யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலான கோளாறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஸ்விங்கில் உரைப்பெட்டி தன் அளவைத் தானே முடிவு செய்வதில்லை. விருப்ப அளவு, குறைந்தபட்ச அளவு, அதிகபட்ச அளவு என்று மூன்று எண்களைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அவற்றில் எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்பது பெட்டி உட்கார்ந்திருக்கும் பேனலின் லேஅவுட் மேனேஜர் (உள்ளே இருப்பவற்றை அடுக்கி அளவு கொடுக்கும் பொருள்) பாடு. ஃப்ளோலேஅவுட் விருப்ப அளவை அப்படியே கொடுக்கும். பாக்ஸ்லேஅவுட் மூன்றையும் பார்க்கும். கிரிட்பேக்லேஅவுட் விருப்பத்தையும் குறைந்தபட்சத்தையும் பார்க்கும், அதிகபட்சத்தைச் சீண்டாது. பார்டர்லேஅவுட் வடக்கிலும் தெற்கிலும் உயரத்தை மட்டும் கேட்கும், நடுவில் எதையும் கேட்காது. கிரிட்லேஅவுட் எல்லாருக்கும் சம அறை ஒதுக்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஜன்னல் திரைக்கு வந்தபின் ஃப்ரேம்.லிஸ்ட்() என்று ஒரு வரி சேர்த்து ஓட்டுவது. பேனலுக்குள் பேனல் என்று முழு அடுக்கும், ஒவ்வொன்றின் இடமும் அகலமும் உயரமும், எந்த லேஅவுட் என்பதும் கன்சோலில் அச்சாகும். ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட் (ஒற்றை வரி உரைப்பெட்டி) வரியில் பிரிஃபர்ட்சைஸ், மினிமம்சைஸ் என்ற இடங்கள் காலியாக இருந்தால், யாரும் கையால் அளவு வைக்கவில்லை என்று பொருள். எண் இருந்தால், நிரலில் எங்கோ ஒருவர் வைத்திருக்கிறார். அந்த வரியை முதலில் தேடிப் பிடியுங்கள்.

அறிகுறி: செட்சைஸ் எழுதியும் பெட்டி அசையவில்லை

லேஅவுட் மேனேஜர் இருக்கும் பேனலில் செட்சைஸ், செட்பவுண்ட்ஸ் இரண்டும் அடுத்த லேஅவுட் கணக்கு வரைதான் உயிரோடு இருக்கும். ஜன்னல் திறக்கும்போதே அந்தக் கணக்கு ஓடிவிடுவதால் நீங்கள் எழுதிய எண் கண்ணுக்கே படாமல் போகிறது. அந்த வரிகளை அழித்துவிட்டு, பெட்டியின் அகலத்தை எழுத்துருவைக் கொண்டு கணக்கிடும் செட்காலம்ஸ் பயன்படுத்துங்கள். லேஅவுட்டை நல் (null, அதாவது எதுவும் இல்லை) ஆக்கி, எல்லாவற்றையும் பிக்சலில் கையால் அடுக்குவது தீர்வே அல்ல. எழுத்துரு மாறும் முதல் கணினியில் அது உடைந்துவிடும்.

அறிகுறி: ஜன்னலைக் கொஞ்சம் குறுக்கியதும் பெட்டிகள் கோடாகிவிடுகின்றன

கிரிட்பேக்லேஅவுட்டின் மிகப் பழைய, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நடத்தை இது. பேனலுக்குக் கிடைத்த இடம் மொத்த விருப்ப அளவை விடக் குறைந்தால், அது ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கழிப்பதில்லை. விருப்ப அளவுக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் குறைந்தபட்ச அளவுக்கு ஒரேயடியாக மாற்றிவிடும். ஜேடெக்ஸ்ட்ஃபீல்டின் குறைந்தபட்ச அகலம் விளிம்புகளோடு சேர்த்துச் சில பிக்சல்தான். அந்தக் கோடு அதுதான்.

இதில் பலரும் கவனிக்காதது, அகலம், உயரம் இரண்டில் எது குறைந்தாலும் இந்த மாற்றம் நடக்கும் என்பது. உயரத்தில் ஒரே ஒரு பிக்சல் போதாமல் போனாலும் பெட்டிகளின் அகலம் சுருங்கிவிடும். கடைத் திரையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். 1366×768 திரையில் விண்டோஸ் அளவீடு 125 சதவீதம் என்று இருந்தால், ஜாவா 9-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதை ஏறக்குறைய 1092×614 திரையாகப் பார்க்கும். டாஸ்க்பார், தலைப்புப் பட்டை போனால் உயரத்தில் மிஞ்சுவது சுமார் 540. படிவத்துக்கு 560 தேவை என்றால் அகலம் தாராளமாக இருந்தும் எல்லாப் பெட்டியும் ஒடுங்கும். அகலத்தையே குறிவைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் இந்தக் காரணம் அகப்படவே அகப்படாது.

சரிசெய்ய வேண்டியவற்றை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பெட்டிகள் இருக்கும் பத்தியில் ஃபில் = ஹாரிசான்டல், வெயிட்எக்ஸ் = 1.0 என்று வையுங்கள். ஃபில் பெட்டியைத் தன் அறை நிறைய இழுக்கும்; வெயிட்எக்ஸ் மிஞ்சும் அகலத்தில் அந்தப் பத்தியின் பங்கைச் சொல்லும். லேபிள் பத்தியில் வெயிட்எக்ஸ் 0 ஆகவே இருக்கட்டும். குறைந்தபட்ச அளவுக்குப் போனாலும், மிச்சமிருக்கும் அகலம் வெயிட் உள்ள பத்திக்குத்தான் போகும். பெட்டிகள் மீண்டும் விரியும். ஃபில் இல்லாமல் வெயிட்எக்ஸ் மட்டும் வைத்தால் அறை பெரிதாகும், பெட்டி அதே அளவில் அறையின் நடுவே மிதக்கும். இந்த இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

பின்கோடு போன்ற சிறிய பெட்டிகளை இழுக்க முடியாது. ஆறு இலக்கத்துக்கு அரைத் திரை அகலம் கொடுத்தால் நிரப்புகிறவர் குழம்புவார். அவற்றுக்கு ஃபில் = நன் (NONE, இழுக்காதே), ஆங்கர் = லைன்_ஸ்டார்ட் (அறையின் தொடக்க ஓரம்) என்று வைத்து, குறைந்தபட்ச அளவும் விருப்ப அளவும் ஒன்றே ஆகும்படி செய்யுங்கள். செட்மினிமம்சைஸ்(கெட்பிரிஃபர்ட்சைஸ்()) என்று ஒரே வரியில் முடிக்கலாம்தான். ஆனால் அது அந்த நொடியின் எண்ணை உறைய வைத்துவிடும்; பின்னால் எழுத்துருவைப் பெரிதாக்கினால் பழைய எண்ணே நிற்கும். துணை வகுப்பு ஒன்று எழுதி, கெட்மினிமம்சைஸ் கேட்கும்போதெல்லாம் கெட்பிரிஃபர்ட்சைஸைத் திருப்பித் தரச் செய்வது நல்லது. நான்கு வரி வேலை, படிவம் முழுவதற்கும் உதவும்.

மூன்றாவதாக, உயரமான படிவத்தை ஜேஸ்க்ரோல்பேனுக்குள் வையுங்கள். சாதாரண பேனல் ஸ்க்ரோல்பேனுக்குள் போனால் விருப்ப அளவுக்குக் கீழே அது சுருக்கப்படாது, உருள்பட்டை வரும். கிரிட்பேக்கும் குறைந்தபட்ச அளவுக்கு இறங்காது. பேனலில் ஸ்க்ரோலபிள் இடைமுகத்தை எழுதி, அகலத்தை வியூபோர்ட்டோடு, அதாவது ஸ்க்ரோல்பேனில் தெரியும் பகுதியோடு, ஒட்டச் சொல்லியிருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அப்போது அகலம் குறையும்போது பழைய சிக்கல் திரும்பி வரும்.

இதன் கிளை அறிகுறி ஒன்று உண்டு. ஜன்னலைப் பெரிதாக்கினால் படிவம் முழுவதும் நடுவில் கொத்தாகக் குவிந்து நிற்கும். எந்த வெயிட்டும் வைக்காததன் விளைவு அது. மேலே சொன்ன வெயிட்எக்ஸ் பாதியைத் தீர்க்கும்; கடைசி வரிசையில் வெயிட்ஒய் = 1.0 உள்ள வெற்றுப் பேனல் ஒன்றைச் சேர்த்தால் மீதியும் மேலே ஏறும்.

அறிகுறி: ஒற்றை வரிப் பெட்டி செங்குத்தாக வளர்ந்து நிற்கிறது

பேனல் ஒய் அச்சு பாக்ஸ்லேஅவுட் என்றால் காரணம் அதிகபட்ச அளவு. ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட் தன் அதிகபட்ச உயரத்துக்கு நடைமுறையில் எல்லையே சொல்வதில்லை. மிச்சமிருக்கும் உயரத்தை பாக்ஸ்லேஅவுட் அதற்கு வாரிக் கொடுக்கிறது. கெட்மேக்ஸிமம்சைஸை மாற்றி எழுதி, அகலத்துக்கு இன்டிஜர்.மேக்ஸ்_வேல்யூ, உயரத்துக்கு விருப்ப உயரம் என்று திருப்பித் தாருங்கள். கீழே வெர்ட்டிகல் க்ளூ (நீளக்கூடிய வெற்றிடம்) ஒன்றைச் சேர்த்து மட்டும் சமாளிக்கப் பார்த்தால், மிச்ச உயரத்தைப் பெட்டியும் க்ளூவும் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதே பேனலில் லேபிள் ஒரு பக்கமும் பெட்டி வேறு பக்கமும் விலகி நின்றால், கிடைமட்டச் சீரமைப்பைச் சொல்லும் அலைன்மென்ட்எக்ஸைப் பாருங்கள். ஜேலேபிளுக்கு இயல்பு மதிப்பு 0.0, ஜேடெக்ஸ்ட்ஃபீல்டுக்கு 0.5. இரண்டையும் 0.0 ஆக்கினால் இடது ஓரம் நேராகும்.

பார்டர்லேஅவுட்டின் நடுவிலோ கிரிட்லேஅவுட்டிலோ பெட்டியை நேரடியாகப் போட்டிருந்தால் அதிகபட்ச அளவு வைத்துப் பயனில்லை. அவை அதைக் கேட்பதே இல்லை. பெட்டியை ஒரு தனிப் பேனலின் வடக்கில் வைத்து, அந்தப் பேனலை நடுவில் போடுங்கள். க்ரூப்லேஅவுட்டில் செங்குத்துக் குழுவில் பெட்டியைச் சேர்க்கும்போது பிரிஃபர்ட்_சைஸ், டிஃபால்ட்_சைஸ், பிரிஃபர்ட்_சைஸ் என்று மூன்று மதிப்புகளும் கொடுக்க வேண்டும். நெட்பீன்ஸ் வரைபலகை தானாக எழுதித் தருவதும் இதுதான். கையால் எழுதும்போது விட்டுப்போகிறது.

அறிகுறி: தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை, பிறகு திடீரென்று பெட்டி குதிக்கிறது

வாடிக்கையாளர் பெயரைத் தட்டுகிறார்கள்; பெட்டி அப்படியே இருக்கிறது. பின்கோடைத் தவறாக அடித்ததும் சிவப்பில் பிழைச் செய்தி வருகிறது, அந்த நொடியில் பெயர்ப் பெட்டி நீள்கிறது. செய்திக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பிழைச் செய்தியின் நிரலைத் தோண்டிப் பொழுதைப் போக்க வேண்டாம்.

காரணம் இரண்டு படியில் இருக்கிறது. காலம்ஸ் எண் கொடுக்காமல் உருவாக்கிய ஜேடெக்ஸ்ட்ஃபீல்டின் விருப்ப அகலம், உள்ளே இருக்கும் எழுத்தின் அகலம்தான். எழுத்து கூடக் கூட அந்த எண்ணும் கூடுகிறது. ஆனால் ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட் ஒரு வேலிடேட் ரூட்; தனக்குள் நடக்கும் மாற்றத்தைத் தனக்குள்ளேயே முடித்துக்கொண்டு, பேனலிடம் சொல்லாது. அதனால் தட்டும்போது எதுவும் நகர்வதில்லை. வேறு ஏதோ ஒன்று, இங்கே பிழை லேபிள், பேனலை மறுகணக்குப் போட வைக்கும்போதுதான் புதிய எண் வெளியே வருகிறது.

தீர்வு: ஒவ்வொரு ஒற்றை வரிப் பெட்டிக்கும் செட்காலம்ஸ் கட்டாயம் கொடுங்கள். அது கொடுத்துவிட்டால் விருப்ப அகலம் உள்ளடக்கத்தைப் பார்க்காது. படிவம் முழுவதையும் தேடி, எண் இல்லாமல் உருவாக்கிய இடங்களை ஒரே மூச்சில் திருத்திவிடுங்கள்.

பிழைச் செய்தி வரும்போது கீழே உள்ள வரிசைகள் எல்லாம் இறங்கி ஏறுகின்றனவா? அது வேறு சங்கதி. மறைத்து வைத்த லேபிளும் வெற்றுச் சரம் உள்ள லேபிளும் இடம் பிடிப்பதில்லை. லேபிளை எப்போதும் தெரியும்படி வைத்து, செய்தி இல்லாதபோது அதில் ஒரு வெற்றிட எழுத்து (ஸ்பேஸ்) மட்டும் போடுங்கள். ஒரு வரி உயரம் முன்பதிவு ஆகிவிடும்.

அறிகுறி: செட்பிரிஃபர்ட்சைஸில் 300 கொடுத்தும் அகலம் மாறவில்லை, உயரம் மட்டும் மாறுகிறது

அந்தப் பெட்டிக்கு செட்காலம்ஸும் எழுதியிருக்கிறது. காலம்ஸ் பூஜ்யம் அல்ல என்றால், ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட் விருப்ப அளவைச் சொல்லும்போது அகலத்தைக் காலம்ஸ் கணக்கில் மாற்றி எழுதிவிடும். நீங்கள் கொடுத்த உயரம் தப்பிக்கும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும், காலம்ஸை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவை மாற்றினால் காலம்ஸ் அகலம் தானாகப் புதுக் கணக்கு போடும், பிக்சல் எண் போடாது.

அறிகுறி: எண் பெட்டியில் இடம் மிஞ்சுகிறது, தமிழ்ப் பெட்டியில் இடம் போதவில்லை

காலம்ஸ் என்பது எழுத்து எண்ணிக்கை அல்ல. ஒரு காலம் என்றால் அந்த எழுத்துருவில் ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் அகலம். ஏரியலில் அது எழுத்துரு அளவில் 0.833 பங்கு, ஓர் இலக்கம் 0.556 பங்குதான். ஆகவே பின்கோடுக்கு 6 காலம் கொடுத்தால் ஒன்பது இலக்கத்துக்கு அருகே இடம் வந்துவிடும். 4 காலம் கர்சருக்குக்கூட இடமில்லாமல் மட்டுமட்டாக நிற்கும். 5 சரி. பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கு 8 போதும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்குவது. பெரிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து வருவதால் 13 காலம் கொடுத்தால் தாராளமாக அடங்கும்.

தமிழில் இந்த ஊகம் எதுவும் உதவாது. ‘ர’ ஒடுக்கம், ‘ண’ அகலம், ‘ணை’ அதைவிட அகலம், ‘கொ’ மூன்று வடிவங்களாக விரியும். இங்கே அளந்துதான் வைக்க வேண்டும். உண்மையில் வரக்கூடிய நீளமான மாதிரி ஒன்றை எடுங்கள். சென்னை முகவரிக்கு “பழைய எண் 112/3, புதிய எண் 48, பெரிய தெரு, திருவல்லிக்கேணி” என்பது நேர்மையான மாதிரி. பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதும் ஊரில் “12, காந்தி தெரு” என்று சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். பெட்டியின் ஃபான்ட்மெட்ரிக்ஸில் (எழுத்துரு அளவுகளைத் தரும் பொருள்) அந்த மாதிரிக்கு ஸ்ட்ரிங்விட்த் கேட்டு, அதை ‘எம்’ அகலத்தால் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி, ஒன்றைக் கூட்டி செட்காலம்ஸுக்குக் கொடுங்கள்.

நீள வரம்பு வைக்கும் டாக்குமென்ட்ஃபில்டர் இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். அது எண்ணுவது யூனிகோட் குறிகளை. “திருவல்லிக்கேணி” நம் கணக்கில் 8 எழுத்து. ஜாவாவின் லெங்த் கணக்கில் 15. வரம்பு 12 என்று இருந்தால் “திருவல்லிக்க” என்று நின்றுவிடும், பெட்டியில் இடம் காலியாகத் தெரியும். அளவுக் கோளாறு என்று புகார் வரும்; அது அளவுக் கோளாறே அல்ல.

அறிகுறி: இகரக் கொக்கியின் தலையோ உகரத்தின் வாலோ வெட்டுப்படுகிறது

பெட்டியின் உயரம் அதற்கு வைத்த எழுத்துருவின் அளவிலிருந்து வருகிறது. அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்றால், தமிழ் எழுத்துகள் மட்டும் வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் வரும்; அதன் ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் மேலும் கீழும் நறுக்கப்படும். எழுத்துரு பொருளிடம் கேன்டிஸ்ப்ளேஅப்டூ என்று கேட்டு மாதிரிச் சரத்தைக் கொடுங்கள். -1 வந்தால் எல்லா எழுத்தும் அதில் உண்டு. வேறு எண் வந்தால் அந்த இடத்து எழுத்து அதில் இல்லை.

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது. அதை வெளிப்படையாக வையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக வைக்க வேண்டாம். எந்த உறுப்பையும் உருவாக்கும் முன், ஸ்விங்கின் இயல்பு அமைப்புகளை வைத்திருக்கும் யுஐமேனேஜரில் டெக்ஸ்ட்ஃபீல்ட், டெக்ஸ்ட்ஏரியா, காம்போபாக்ஸ், லேபிள் நான்குக்கும் ஃபான்ட்யுஐரிசோர்ஸ் கொடுத்துவிடுங்கள். டெக்ஸ்ட்ஏரியாவை விட்டுவிடாதீர்கள்: விண்டோஸ் தோற்றத்தில் அதன் இயல்பு எழுத்துரு மோனோஸ்பேஸ்டு என்பதால், பக்கத்துப் பெட்டியோடு ஒட்டாமல் நிற்கும்.

எழுத்துரு சரியாக இருந்தும் வெட்டுப்பட்டால், யாரோ உயரத்தை 22 பிக்சல் என்று பூட்டியிருக்கிறார்கள். லிஸ்ட் வெளியீட்டில் அது தெரியும். வரியை அழித்தால் போதும். உள்ளே காற்றோட்டம் வேண்டுமென்றால் செட்மார்ஜின் கொண்டு மேலும் கீழும் 3 பிக்சல் கொடுங்கள். உயரம் எழுத்துருவோடு சேர்ந்து வளரும்.

அறிகுறி: பல வரிப் பெட்டி வளர்ந்துகொண்டே போகிறது, அல்லது சுருங்க மறுக்கிறது

ஜேடெக்ஸ்ட்ஏரியாவை நேரடியாகப் பேனலில் போட்டால் இரண்டுமே நடக்கும். ஒவ்வொரு புது வரிக்கும் அது பேனலைத் தள்ளும். வரி மடிப்பு இருந்தால் ஒருமுறை விரிந்த அகலத்திலிருந்து இறங்கி வராது. ஜேஸ்க்ரோல்பேனுக்குள் வையுங்கள். ரோஸ் (வரிகள்) 3, காலம்ஸ் 30 என்று ஏரியாவுக்குக் கொடுங்கள். ஸ்க்ரோல்பேன் அதைப் படித்துத் தன் விருப்ப அளவைச் சொல்லும். செட்லைன்ராப், செட்ராப்ஸ்டைல்வேர்ட் இரண்டும் ட்ரூ ஆகட்டும். பிறகு பேனலில் சேர்க்க வேண்டியது ஸ்க்ரோல்பேனை. பழக்கத்தில் ஏரியாவையே மறுபடி சேர்த்துவிட்டால் அது ஸ்க்ரோல்பேனை விட்டு வெளியே வந்துவிடும், முயற்சி அத்தனையும் வீண். வெயிட்ஒய் = 1.0, ஃபில் = போத் ஆகியவையும் ஸ்க்ரோல்பேனுக்கே.

அறிகுறி: பகுதிப் பட்டியலை ஏற்றியதும் மற்ற பெட்டிகள் நெருக்கப்படுகின்றன

காம்போவின் (விரியும் தேர்வுப் பட்டியல்) விருப்ப அகலம் பட்டியலிலேயே நீளமான வரியைப் பார்த்து வருகிறது. “எம்.ஜி.ஆர். நகர் (கே.கே. நகர் மேற்கு)” போல ஒரு வரி நுழைந்தால் பத்தி முழுவதும் அகலும். செட்ப்ரோட்டோடைப்டிஸ்ப்ளேவேல்யூவில் “திருவல்லிக்கேணி” போல நியாயமான நீளமுள்ள ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அகலம் அசையாது.

அறிகுறி: உங்கள் கணினியில் சரி, கடையில் மட்டும் தவறு

கடைக்கு ஓடுவதற்கு முன் அங்குள்ள மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: திரைத் தெளிவு, விண்டோஸ் அளவீட்டுச் சதவீதம், ஜாவா பதிப்பு. ஜாவா 8-உம் 9-உம் இந்த இடத்தில் வேறு வேறு. விண்டோஸ் அளவீட்டுக்கு ஏற்ப முழு வரைவையும் பெரிதாக்கும் வசதி 9-இல்தான் வந்தது. 8-இல் விண்டோஸ் தோற்றத்தில் எழுத்து மட்டும் பெரிதாகி, பிக்சலில் பூட்டிய பெட்டிகள் பழைய அளவிலேயே நிற்கும்.

9-உம் அதற்கு மேலும் என்றால் சோதனையை உங்கள் மேசையிலேயே செய்யலாம். நிரலை ஓட்டும் கட்டளையில் சன்.ஜாவா2டி.யுஐஸ்கேல் பண்பை 1.25 என்றும், பிறகு 1.5 என்றும் வைத்து ஓட்டுங்கள். ஜன்னலை பேக்() செய்து விருப்ப அளவுக்குக் கொண்டுவந்த உடனே கெட்சைஸை அச்சிடுங்கள். 1366×768 திரையில் 125 சதவீதத்துக்கு, தலைப்புப் பட்டையும் சேர்ந்த உயரம் 570-ஐத் தாண்டினால், டாஸ்க்பாருக்கு மேலே அந்த ஜன்னல் முழுதாக நிற்காது. தாண்டாத படிவத்துக்கு அதே கெட்சைஸ் மதிப்பை ஃப்ரேமின் செட்மினிமம்சைஸுக்குக் கொடுத்துவிடுங்கள். யாராலும் அதற்குக் கீழே குறுக்க முடியாது. தாண்டும் படிவத்தை ஸ்க்ரோல்பேனுக்குள் வைத்து, ஃப்ரேமின் உயரத்தை 570-க்குள் நிறுத்துங்கள்.